பாலாடை, கண்ணாடி பாட்டில், எவர்சில்வர் பாட்டில்: இரட்டைக் குழந்தைகளோடு பதினோரு மாதம்

மூன்று பொருள்களைப் பற்றி எழுதுகிறேன். திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக்கடையில் ஒன்று 160 ரூபாய் என்று வாங்கிய எவர்சில்வர் பாலாடை (கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு) இரண்டு, ஆன்லைனில் வாங்கிய 120 மில்லி கண்ணாடிப் பால் பாட்டில் இரண்டு, அப்புறம் 650 ரூபாய் கொடுத்து வாங்கிய எவர்சில்வர் பால் பாட்டில் ஒன்று. பாலாடைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், கண்ணாடிக்கு நாலு, எவர்சில்வர் பாட்டிலுக்கு இரண்டரைக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. எழுதப்போவது கொஞ்சம் நீளம். பிளாஸ்டிக் பாட்டில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும்போது எதற்கு இந்த மெனக்கெடல் என்று கேட்காதவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் பிள்ளைகளின் சிறுநீரகத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு இரட்டைக் குழந்தைகள், ஒரு பையன், ஒரு பெண். 31-வது வாரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டார்கள், 6 மில்லிகிராம் வீதம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. குழந்தைகளின் நுரையீரல் முதிர்வதற்கு. 1972-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு மருத்துவர்கள் இதே வகை ஸ்டீராய்டைத் தாய்க்குக் கொடுத்துக் குறைமாதக் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார்கள், இன்று உலகம் முழுக்க அதுதான் நடைமுறை. அந்த ஊசி மட்டும் இல்லையென்றால் இரண்டும் மூச்சுக்கு எவ்வளவு திணறியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. இரண்டாம் நாள் பிறந்தார்கள். பையன் 1,400 கிராம், பெண் 1,310. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், அதாவது என்.ஐ.சி.யூ.வில், 34 நாள் இருந்தோம்.

ஆரம்பத்தில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் பால். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது, இந்த மூன்றையும் ஒரு குழந்தை கோர்வையாகச் செய்ய சுமார் 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை மார்பில் போட்டாலும் சீக்கிரம் களைத்துவிடும். 33-வது வாரத்தில் ஒரு நாள் காலையில் சிஸ்டர், "பாலாடை வாங்கிட்டு வரச் சொல்லுங்கம்மா, ரெண்டு பேருக்கும் தனித்தனியா" என்றார். என் கணவர் ஆஸ்பத்திரியைச் சுற்றியிருந்த மருந்துக்கடைகளில் எல்லாம் ஏறி இறங்கினார், கிடைத்தது எல்லாம் பிளாஸ்டிக். வீட்டுக்குப் போன் செய்தபோது அத்தைதான், "மருந்துக்கடையில ஏன்டா தேடுற, பாத்திரக்கடையில போய் சங்குன்னு கேளு" என்றிருக்கிறார். அப்படி வந்ததுதான் இந்த இரண்டும்.

சரி, பாலாடை எப்படி? ஒரு சின்னக் கிண்ணம், ஒரு பக்கம் நீண்ட மூக்கு, அவ்வளவுதான். எங்களுடையது விளிம்பு வரை நிரப்பினால் 25 மில்லி பிடிக்கிறது. ஒரே தகட்டில் அழுத்தி எடுத்தது, ஒட்டு இல்லை, மூலை இல்லை, உள்ளே அழுக்கு தங்க இடமே கிடையாது. பாட்டிலில் நிப்பிள், திருகு வளையம், மூடி என்று கழற்றிக் கழுவ நாலு துண்டு இருக்கும். பாலாடையில் விரல் நுழையாத இடம் ஒன்றுகூட இல்லை, சோப்பு போட்டுத் தேய்த்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு குழந்தைக்குப் பால் கொடுப்பவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மூக்கின் நுனி. ஒரு பஞ்சை எடுத்து விளிம்பு முழுக்க இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம், குழந்தையின் உதட்டைக் கிழித்துவிடும். நாங்கள் முதலில் கையில் எடுத்ததில் பிசிறு இருந்தது, கடைக்காரரே வேறு மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது, 304 தரமா என்று கேளுங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று பலர் சொல்வார்கள், ஆனால் விலை குறைந்த 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். முத்திரை பார்த்து வாங்குவதுதான் வழி.

கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையைப் படுக்கவைத்துக் கொடுக்கவே கூடாது. தலையைத் தூக்கி, ஏறக்குறைய உட்கார்ந்த மாதிரி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். குழந்தை விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. தொண்டைக்குள் ஊற்றினால் புரையேறிவிடும். முதல் நாள் பையனுக்கு 20 மில்லி போக அரைமணி நேரம் ஆனது, பாதி கழுத்துத் துணியில்தான் போனது. பெண் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். ஒரு வாரத்தில் இருவரும் பழகிவிட்டார்கள், 36 வாரத்தை நெருங்கியபோது நேராக மார்பில் குடிக்க ஆரம்பித்தார்கள். நிப்பிளே வாயில் படாமல் வளர்ந்ததால் மார்பைப் பிடிப்பதில் குழப்பம் வரவில்லை என்பது என் அனுபவம். பாலாடையில் அளவுக்கோடு இல்லாதது ஒரு குறைதான், எத்தனை மில்லி போனது என்று எழுதிவைக்க வேண்டியிருந்ததால் சிரிஞ்சில் அளந்து ஊற்றினோம். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க மனசில்லை.

இப்போது சிறுநீரகத்துக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் மேடம் கண் பரிசோதனை, காது பரிசோதனை என்று தேதி எழுதிக் கொடுத்துக்கொண்டே வந்தவர், "வர்ற ஒவ்வொரு செக்கப்லயும் பி.பி.யும் பாக்கச் சொல்லுங்க, ரெண்டு பேருக்கும்" என்றார். கைக்குழந்தைக்கு பி.பி.யா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொறுமையாக விளக்கினார். அதன் பிறகு நானாகவும் நிறையத் தேடிப் படித்தேன்.

சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுக்கு நெஃப்ரான் என்று பெயர். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக சுமார் 10 லட்சம் இருக்கும், ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம், இரண்டு லட்சத்தில் இருந்து 20 லட்சத்துக்கு மேல் வரை போகிறது. இவை அத்தனையும் கருவில் இருக்கும்போதே, சுமார் 36 வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். அதிலும் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில்தான். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நெஃப்ரான் குறைவாகப் பிறந்தவருக்கு ஒவ்வொன்றின் மேலும் சுமை கூடி, பின்னாளில் ரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் வரலாம் என்று 1988-ல் பிரென்னர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் சொன்ன கருத்துதான் இதற்கெல்லாம் அடிப்படை. 31 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தக் கட்டுமானம் பாதியில் நிற்கிறது. வெளியே வந்த பிறகும் சில வாரம், சுமார் 40 நாள் வரை, அது தொடர்கிறது. அப்படியென்றால் என் பிள்ளைகள் என்.ஐ.சி.யூ.வில் இருந்த அந்த 34 நாளும், பாலாடையில் பால் குடித்த நாள்களும், அவர்களுடைய நெஃப்ரான்கள் உருவாகிக்கொண்டிருந்த நாள்கள். இது புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கட்டுமானத்தை நடத்துவதில் ஹார்மோன்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ரெனின்-ஆஞ்சியோடென்சின் என்று ஒரு ஹார்மோன் அமைப்பு, பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அதே அமைப்பு, கருவில் சிறுநீரகத்தை வளர்க்கும் வேலையைச் செய்கிறது. எனலாப்ரில் மாதிரி பி.பி. மாத்திரைகளைக் கர்ப்பத்தில் சாப்பிடவே கூடாது என்பது இதனால்தான், அவை கருவின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். தாயின் உடம்பில் சுரக்கும் கார்டிசால் குழந்தைக்கு அளவுக்கு மீறிப் போய்விடாமல் நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் காக்கிறது, ஆனால் கார்டிசால் மாதிரியே வேலை செய்யும் செயற்கை ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் அந்தக் காவலைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். அப்படிப் போவதால்தான் நுரையீரலுக்கு அது பயன்படுகிறது. செம்மறி ஆடுகளிடம் இதே வகை ஊசியைச் சோதித்தபோது குட்டிகளின் சிறுநீரகத்தில் நெஃப்ரான் குறைந்தது. வளர்ந்த பிறகு பார்த்தால் கிடாயிலும் பெண் ஆட்டிலும் விளைவு ஒரே மாதிரி இல்லை, உப்பை வெளியேற்றுவதில் தடுமாற்றம் கிடாய்களில்தான் கூடுதலாகத் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மூச்சு நின்றுபோன குழந்தைக்கு நெஃப்ரான் எத்தனை இருந்து என்ன பயன்? எனக்கு இன்னொரு முறை அதே நிலைமை வந்தாலும் கையை நீட்டுவேன். என் கையில் இல்லாததை விட்டுவிட்டு, என் கையில் இருப்பதைப் பார்ப்போம் என்றுதான் பாட்டில் விஷயத்துக்கு வந்தேன்.

பிளாஸ்டிக்கில் எனக்குப் பயம் தந்தவை இரண்டு. முதலாவது பிபிஏ என்கிற பிஸ்பீனால் ஏ. 1936-லேயே லண்டனில் டாட்ஸ் என்ற ஆய்வாளர் இதற்குப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யும் குணம் உண்டு என்று கண்டுபிடித்துவிட்டார். பிறகு 1950-களில் இருந்து அதையே வைத்துப் பாலிகார்பனேட் என்ற கண்ணாடி மாதிரி பளபளக்கும் பிளாஸ்டிக் செய்தார்கள், பால் பாட்டிலும் செய்தார்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் அது கசியும் வேகம் 15 முதல் 55 மடங்கு கூடுகிறது என்று அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் அளந்திருக்கிறார்கள். பெரியவர்களின் கல்லீரல் அதைச் சீக்கிரம் மாற்றி வெளியேற்றிவிடும், பச்சைக் குழந்தையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது. கர்ப்பத்தில் பிபிஏ கொடுத்த எலிகளின் குட்டிகளுக்குச் சிறுநீரக வடிகட்டிகள் குறைந்திருந்தன. கனடா 2010-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2011-லும், அமெரிக்கா 2012-லும் பால் பாட்டிலில் இதை நிறுத்தின. நம் நாட்டில் 2015-ல் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பால் பாட்டில் தரத்திலேயே பிபிஏ கூடாது என்று வந்துவிட்டது. 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்கு உடம்பு தாங்கும் அளவு என்று முன்பு சொன்னதை 20,000 மடங்கு குறைத்தது. எவ்வளவு காலம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அந்த எண்ணைப் பார்த்தால் தெரியும்.

இரண்டாவது டி.இ.எச்.பி., பிவிசி குழாய்களையும் ட்ரிப்ஸ் பைகளையும் மிருதுவாக்கச் சேர்ப்பது. இது ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் வகை. கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் இதைக் கொடுத்த எலிகளின் குட்டிகளுக்கு நெஃப்ரான் குறைந்து, வளர்ந்த பிறகு ரத்த அழுத்தம் ஏறியது. 2002 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருத்துவர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. அதில் கவனமாக இருக்கச் சொன்னது யாருக்கு என்று பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: ஆண் பச்சிளங்குழந்தைகள், வயிற்றில் ஆண் குழந்தையைச் சுமக்கும் தாய்மார்கள், பருவ வயதை எட்டப்போகும் சிறுவர்கள். காரணம் சிறுநீரகம் இல்லை, ஆண் குழந்தையின் விதைகளின் வளர்ச்சி. மாற்றுக் குழாய் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் தேவையான சிகிச்சையை நிறுத்தாதீர்கள் என்றும் அதே அறிவிப்பு சொன்னது. என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி குழாய், ஒரே மாதிரி ட்ரிப்ஸ். ஆனால் ஒரே பொருள் பையன் உடம்பில் செய்வதும் பெண் உடம்பில் செய்வதும் ஒன்றில்லை என்று ஓர் அரசு அமைப்பே எழுதிவைத்திருக்கிறது.

அடுத்த செக்கப்பில் மேடத்திடம் நேராகவே கேட்டேன். "மேடம், கிட்னி விஷயத்துல பையனுக்கு ஒரு மாதிரி, பொண்ணுக்கு ஒரு மாதிரியா இருக்குமா?" அவர் சிரிக்காமல் உட்காரவைத்துப் பேசினார், அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் செய்த எலி ஆய்வுகள்தான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தன. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, எடை குறைந்த குட்டிகளைப் பிறக்கவைத்தார்கள். சின்ன வயதில் ஆண், பெண் இரண்டுக்கும் ரத்த அழுத்தம் கூடுதலாகத்தான் இருந்தது. பருவம் வந்ததும் பெண் எலிகளுக்கு அது இறங்கிச் சரியாகிவிட்டது, ஆண் எலிகளுக்கு இறங்கவே இல்லை. ஆண் எலிகளின் விதைகளை எடுத்துவிட்டால் அழுத்தம் இறங்கியது. பெண் எலிகளின் சினைப்பையை எடுத்துவிட்டால் ஏறியது. அப்படியானால் கருவில் பட்ட அடி இரண்டுக்கும் உண்டு, பிறகு ஆண் ஹார்மோன் அதைத் தூண்டுகிறது, பெண் ஹார்மோன் அதை அடக்கிவைக்கிறது. சினைப்பையை எடுக்காத பெண் எலிகளுக்கும் வயதான பிறகு அழுத்தம் ஏறியது என்பதுதான் இதில் முக்கியம், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குரோமோசோமிலும் ஒரு காரணம் இருக்கலாம். ஆஞ்சியோடென்சினின் வேகத்தைத் தணிக்கும் ஏசிஇ2 என்ற நொதியின் மரபணுவும், ஏடி2 என்ற ஏற்பியின் (ஹார்மோனின் செய்தியைச் செல்லில் வாங்கிக்கொள்ளும் இடம்) மரபணுவும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு அது இரண்டு, பையனுக்கு ஒன்றுதான்.

அப்படியானால் பெண் தப்பித்தாள், பையனை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைக்கத் தோன்றும். எங்கள் வீட்டிலும் நினைத்தார்கள். அது தப்பு. சுவீடனில் 1973 முதல் 2014 வரை பிறந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்ததில், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு மூன்று மடங்கு. இது ஆண், பெண் இருவரிடமும் தெரிந்தது. மொத்தத்தில் நோய் வந்தவர்கள் ஆயிரத்தில் ஒருவர் அளவுக்குத்தான், அதனால் யாரும் கலங்க வேண்டாம், ஆனால் பெண்ணுக்கு விலக்கு இல்லை. எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த பெண்கள் பின்னால் தாயாகும்போது கர்ப்பகால ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பும் கூடுதல். மேடம் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பையனுக்குச் சீக்கிரம் தெரியலாம், பொண்ணுக்கு லேட்டா தெரியலாம். நீங்க ரெண்டு பேருக்கும் பாருங்க." பெண்ணின் மருத்துவ ஃபைலை அவள் கல்யாணமாகிப் போகும்போதும் கூடவே கொடுத்தனுப்ப வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். 31 வாரம், 1,310 கிராம் என்று அதில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

சரி, கண்ணாடி பாட்டில். இரண்டு பேருக்கும் தாய்ப்பால் போதாமல் மூன்றாவது மாதம் மாவுப்பாலும் சேர்க்க வேண்டி வந்தது, அளவும் கூடியது, பாலாடையில் 90 மில்லி கொடுக்க முடியாது. அப்போது வாங்கியது. போரோசிலிகேட் கண்ணாடி, சூடு ஏறினாலும் அதிகம் விரியாத வகை, அதனால் வெந்நீர் ஊற்றினால் சாதாரணக் கண்ணாடி மாதிரி விரிசல் விடாது. மாவுப்பாலுக்குத் தண்ணீர் குறைந்தது 70 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, மாவில் இருக்கக்கூடிய கிருமி சாகத்தான். அந்தச் சூட்டை பாட்டிலும் தாங்கியாக வேண்டும் இல்லையா? கண்ணாடி தாங்குகிறது, வாசனை பிடிப்பதில்லை, பால் திரிந்தால் வெளியே இருந்தே தெரிகிறது, பதினைந்து தடவை கொதிக்கவைத்தாலும் மங்கவில்லை. கனம்தான் பிரச்சினை. ஏழாம் மாதத்தில் பையன் தானே பிடிக்கிறேன் என்று தட்டிவிட்டதில் ஒன்று உடைந்தது. நல்லவேளை பாயில் விழுந்ததால் இரண்டு மூன்று பெரிய துண்டாகத்தான் போனது, இருந்தாலும் அரைநாள் தரையைத் தேய்த்துத் துடைத்தேன். சிலிக்கான் உறையோடு சேர்த்து வாங்குங்கள், தனியாக வாங்கினால் விலை கூடுதல். வெளியே அச்சடித்த அளவுக்கோடுகள் ஐந்து மாதத்தில் பாதி அழிந்துவிட்டன, அதற்குத்தான் ஒரு மதிப்பெண் குறைத்தேன். நிப்பிள் சிலிக்கான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினேன்.

எவர்சில்வர் பாட்டில் எனக்கு ஏமாற்றம். கும்பகோணத்துக்கு அம்மா வீட்டுக்கு பஸ்ஸில் போய்வர உடையாத ஒன்று வேண்டும் என்று வாங்கினேன். விற்ற பக்கத்தில் நூறு சதவீதம் பிளாஸ்டிக் இல்லாதது என்று போட்டிருந்தது. வந்ததைப் பிரித்தால் திருகு வளையமும் மூடியும் பிளாஸ்டிக்! முக்கோணத்துக்குள் 5 என்று எண், அதாவது பாலிபுரோப்பிலீன். பாலில் படுவது எவர்சில்வர்தான், அதனால் பெரிய ஆபத்து என்று சொல்ல மாட்டேன், ஆனால் இருப்பதை இல்லை என்று சொல்லி விற்பது, அதுவும் கைக்குழந்தைப் பொருளில், ரொம்பத் தப்பு. கேட்டதற்கு, பால் படும் இடத்தைத்தான் சொன்னோம் என்று பதில் வந்தது, பணம் திரும்பவில்லை. உள்ளே எவ்வளவு பால் மிச்சம் என்று தெரியாது, அளவுக்கோடு உள்பக்கம் செதுக்கியிருப்பதால் ராத்திரியில் படிக்கவே முடியாது, அடியில் பால் பிசுக்கு ஒட்டியிருந்தாலும் பிரஷ் விட்டுத் தேய்த்துவிட்டு முகர்ந்துதான் பார்க்க வேண்டும். கீழே பத்து தடவை விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டும் நிஜம். பயணத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் பாட்டில்தான் வீட்டில் இருக்கிறது, புதிதாக வாங்க வசதியில்லை என்பவர்களுக்கு ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது, தயவுசெய்து செய்யுங்கள். இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். அதில் பிபிஏ இல்லை, ஆனால் 2020-ல் அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரியில் சோதித்தபோது வெந்நீரில் ஒரு லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்ந்தன. சூடு கூடக் கூட உதிர்வதும் கூடியது. அதனால் மாவுப்பாலை எவர்சில்வர் டம்ளரிலோ கண்ணாடிக் குவளையிலோ கலக்குங்கள், குழந்தை குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள். மைக்ரோவேவில் பிளாஸ்டிக்கை வைக்காதீர்கள். அடியில் 3, 6, 7 எண் போட்ட டப்பாக்களில் சூடான எதையும் ஊற்றாதீர்கள், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2018-ல் இந்த எண்களைத்தான் தவிர்க்கச் சொன்னது. 'பிபிஏ இல்லை' என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம், சிலவற்றில் அதன் இடத்தில் பிபிஎஸ், பிபிஎஃப் என்று அதன் பங்காளிகளைப் போடுகிறார்கள், அவையும் ஹார்மோன் மாதிரியே நடந்துகொள்கின்றன.

நிறை மாதத்தில் பிறந்த குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் குழந்தைக்கு நெஃப்ரான் எண்ணிக்கை பிறக்கும் முன்பே முடிவாகிவிட்டது, எந்த பாட்டிலாலும் இனி அது கூடவோ குறையவோ போவதில்லை. சிறுநீரகத்தின் வேலைத்திறன் மட்டும் இரண்டு வயது வரை வளர்ந்துகொண்டிருக்கும். கர்ப்பமாக இருக்கும் பெண்தான் சூடான சாம்பார் பார்சலை பிளாஸ்டிக் கவரில் வாங்கிச் சாப்பிடுவதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியவர், ஏனென்றால் அவர் வயிற்றுக்குள்தான் அந்தக் கட்டுமானம் நடந்துகொண்டிருக்கிறது. என் நாத்தனாருக்கு இப்போது ஐந்தாம் மாதம். அவருக்கு ஒரு நாலடுக்கு எவர்சில்வர் தூக்கு வாங்கிக் கொடுத்து, இனிமேல் பார்சல் வாங்கப் போனால் இதைக் கொண்டுபோங்கள் அண்ணி என்று சொல்லியிருக்கிறேன்.

குறைமாதக் குழந்தையென்றால் பாட்டிலைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. காய்ச்சலுக்கோ வலிக்கோ இப்யூபுரூஃபன் மாதிரி மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள், சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதை அது குறைக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் குறைமாதம் என்று முதலில் சொல்லுங்கள். பி.பி. பார்க்கும்போது குழந்தைக்கென்று இருக்கும் சின்னக் கைப்பட்டையில் பார்க்கச் சொல்லுங்கள், பெரிதாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும், சின்னதாக இருந்தால் கூட்டிக் காட்டும். போன மாதம் பார்த்ததில் இருவருக்கும் சரியாக இருந்தது.

பாலாடை இரண்டும் இன்னும் அடுக்களையில்தான் இருக்கின்றன. இரும்புச்சத்து மருந்தை அதில்தான் கொடுக்கிறேன். பையன் அதைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்வான், பெண் தரையில் தட்டிச் சத்தம் கேட்பாள், அவள் தட்டித் தட்டி ஒன்றின் பக்கத்தில் சொட்டை விழுந்துவிட்டது. நேற்று தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தேன், மூக்கில் இருந்து முதல் நாள் மாதிரியே நேராக, சொட்டுச் சொட்டாக விழுகிறது.